ஐராவதிக் கரையில் ஒரு குடும்பம்

மறைபரப்பு வரலாற்றைப் புரட்டும்போதெல்லாம் நாம் பெரும்பாலும் தனி மனிதர்களையே சந்திக்கின்றோம். வீட்டையும் உறவையும் துறந்து கப்பலேறிய சவேரியாரும் அருளானந்தரும் வீரமாமுனிவருமே நம் நெஞ்சில் நிறைந்திருக்கின்றனர். ஆனால், வீட்டைத் துறக்காமல் வீட்டையே உடன் எடுத்துக்கொண்டு கடல் கடந்த மறைப்பணியாளர்களும் உண்டு. நம்மினின்று பிரிந்த சகோதரர்களாகிய சீர்திருத்த சபையாரின் வரலாற்றில் அத்தகைய குடும்பங்கள் பல. அவர்களுடைய கதையில் மனைவியின் பேறுகாலமும் குழந்தையின் காய்ச்சலும் பாலில்லாத இரவும் நற்செய்திப் பணியோடு பின்னிக் கிடக்கின்றன. ‘இந்தப் பிள்ளைகளை யார் கேட்டார்கள்?’ என்ற கேள்வியும் அக்கதையை வாசிக்கையில் நம் மனத்தில் எழாமலிராது. பர்மாவுக்குச் சென்ற ஜட்சன் குடும்பத்தின் வரலாற்றை அந்தக் கேள்வியோடுதான் இங்கு எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

அதோனிராம் ஜட்சன் 1788ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சபைப் போதகரின் மகனாகப் பிறந்தார். அம்மாநிலத்தின் பிராட்போர்டு என்னும் ஊரைச் சேர்ந்தவர் ஆன் ஹெசல்டைன். அவரைப் பெண் கேட்டு ஜட்சன் எழுதிய மடல் விந்தையானது. பெண் கேட்போர் தம் வீடு வாசலைச் சொல்லிக் கேட்பது உலக வழக்கம். ஜட்சனோ, மகளை இனி இவ்வுலகில் காணாதிருக்கவும், கடலின் ஆபத்துக்கும் வெப்ப நாட்டு நோய்களுக்கும், ஒருவேளை கொடிய சாவுக்குமே அவரை ஒப்புக்கொடுக்கவும் சம்மதமா என்று தந்தையை வினவினார். தந்தை முடிவை மகளிடமே விட்டுவிட்டார். ஆன் இசைந்தார். 1812 பிப்ரவரி 5ஆம் நாள் திருமணம். 19ஆம் நாள் கப்பல். அப்போது மணமகனுக்கு வயது 23, மணமகளுக்கு 22.

நான்கு மாதப் பயணத்திற்குப் பின் கல்கத்தா வந்தடைந்தனர். கடலில் மறைநூலை ஆராய்ந்துகொண்டே வந்த ஜட்சன், திருமுழுக்கைப் பற்றித் தம் சபை கொண்டிருந்த கருத்தை விட்டு பாப்டிஸ்டுக் கொள்கையை ஏற்றார். 1812 செப்டம்பரில் கணவனும் மனைவியும் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றனர். அதனால், தங்களை அனுப்பிய சங்கத்தின் ஆதரவைத் தாங்களாகவே இழந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியோ தன் எல்லைக்குள் மறைப்பணியாளர் தங்குவதை விரும்பாமல் வெளியேறுமாறு ஆணையிட்டது. மொரீசியசுக்குச் சென்றனர். அமெரிக்காவிலிருந்து அதே கப்பலில் உடன்வந்த ஹாரியட் நியூவெல் என்னும் 19 வயது இளம் மனைவி, கடலிலேயே பிறந்து இறந்த தம் சிசுவைத் தொடர்ந்து, அத்தீவில் ஏற்கெனவே இறந்திருந்தார். அங்கிருந்து 1813 ஜூனில் நம் சென்னைக்கு வந்தபோதும் கம்பெனியின் அச்சம் தொடர்ந்தது. உடனே புறப்படக் கிடைத்த கப்பலோ ரங்கூனுக்குச் செல்வது ஒன்றே. பேறுகாலத்தை நெருங்கியிருந்த ஆனுக்குத் துணையாக அமர்த்திய பெண், கப்பல் புறப்படுமுன்னே தளத்தில் விழுந்து உயிர்விட்டாள். நடுக்கடலில், கணவரைத் தவிர வேறு துணையின்றி ஆன் ஈன்றெடுத்த முதற்குழந்தை உயிரற்றுப் பிறந்தது. இவ்வாறுதான் 1813 ஜூலை 13ஆம் நாள் அக்குடும்பம் ரங்கூனில் கரையிறங்கியது.

பர்மாவில் கிறிஸ்துவின் பெயரை முதன்முதல் அறிவித்தவர் ஜட்சன் அல்லர். பர்னபாத் துறவுச் சபையைச் சேர்ந்த இத்தாலியக் குருக்கள் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே அங்கு உழைத்து வந்தனர். பர்மிய எழுத்துகளை விளக்கும் நூலொன்று 1776இலேயே உரோமையில் அச்சேறியது. ஜட்சன் தம்பதியர் குடியேறிய வீட்டிலும் சீராம்பூர் வில்லியம் கேரியின் மகன் பெலிக்ஸ் கேரி தம் குடும்பத்துடன் ஏற்கெனவே வாழ்ந்து வந்தார். மறு ஆண்டு பெலிக்சின் மனைவியும் பிள்ளைகளும் ஐராவதி ஆற்றில் கப்பல் கவிழ்ந்து மாண்டனர். அந்த ஆறு வெளிநாட்டுக் குடும்பங்களிடம் எவ்வளவு விலை கேட்கும் என்பதை ஜட்சன் தம்பதியர் தொடக்கத்திலேயே கண்டுகொண்டனர்.

மொழியைக் கற்பதில் ஆண்டுகள் கழிந்தன. ஜட்சன் நாள் முழுவதும் ஆசிரியருடன் அமர்ந்து ஓலைச்சுவடிகளையும் இலக்கணத்தையும் பயின்றார். ஆனோ வீட்டை நடத்தவும் சந்தையில் அரிசி வாங்கவும் வேலையாட்களிடம் பேசவும் வேண்டியவராய், கணவரைவிட விரைவில் சரளமாகப் பேசலானார். 1815 செப்டம்பரில் ரோஜர் என்னும் ஆண்குழந்தை பிறந்தது. எட்டு மாதங்கள் கூட நிறையாத அக்குழந்தை 1816 மே மாதம் காய்ச்சலில் இறந்தது. அப்போது ரங்கூன் ஆளுநரின் மனைவி பரிவாரத்துடன் வீடு தேடி வந்தார். அடக்கத்திற்குத் தமக்கு ஏன் சொல்லியனுப்பவில்லை என்று வருந்தினார். பின் ஆனையும் ஜட்சனையும் யானைமீது ஏற்றிக் காட்டுவழியே அழைத்துச் சென்று ஆறுதலளித்தார். அவர் கிறிஸ்தவர் அல்லர். ஆயினும் பிள்ளையை இழந்த வீட்டிற்கு எப்படிச் செல்ல வேண்டும் என்பதை அறிந்திருந்தார்.

1819 ஏப்ரலில் ஜட்சன் சாலையோரத்தில் ஒரு சாவடி அமைத்தார். பர்மியர் அதனை ‘சயாத்’ என்பர். வழிப்போக்கர் இளைப்பாறவும் துறவியர் அறம் உரைக்கவும் அந்நாட்டார் கட்டும் மண்டபம் அது. அயல்நாட்டுக் கோபுரம் எழுப்பாமல், அம்மண்ணின் வழக்கத்தையே கைக்கொண்டு, பர்மியரைப்போல் தரையில் அமர்ந்து பேசினார். மௌங் நௌ என்னும் ஏழைத் தொழிலாளி வந்து கேட்டார், மீண்டும் வந்தார், இறுதியில் நம்பினார். 1819 ஜூன் 27ஆம் நாள், புத்தர் சிலை ஒன்று நின்ற குளக்கரையில் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டது. வந்திறங்கி ஏறக்குறைய ஆறு ஆண்டுகள். ஒரே ஒரு மனிதர்! ஆன் பெண்களைக் கூட்டிப் போதித்தார். ரங்கூனில் வாழ்ந்த சயாம் நாட்டவருக்காக அவர்களுடைய மொழியையும் கற்றுச் சிறு ஞான உபதேசத்தை மொழிபெயர்த்தார்.

சமய உரிமை வேண்டி 1820 தொடக்கத்தில் ஜட்சன் அரசர் பாகிதாவின் முன் நின்றார். அவர் நீட்டிய சிறு நூலில் சில வரிகளைப் படித்த அரசர் அதைத் தரையில் நழுவவிட்டார். பணியைக் கைவிட்டு வேறிடம் செல்ல ஜட்சன் எண்ணியபோது, விரல்விட்டு எண்ணத்தக்க புதிய விசுவாசிகளே அவரைத் தடுத்தனர். தங்கள் எண்ணிக்கை எட்டு பத்தாகும் வரையேனும் இருக்குமாறு வேண்டினர். 1822க்குள் பதினெட்டுப் பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

1824இல் ஆங்கிலேயருக்கும் பர்மியருக்கும் போர் மூண்டது. ஆங்கிலம் பேசுவோர் அனைவரும் ஒற்றர்களாகத் தோன்றினர். ஆங்கில வணிகர் வழியாகப் பணம் பெற்றுவந்த ஜட்சன்மீது ஐயம் எழுந்ததில் வியப்பில்லை. 1824 ஜூன் 8ஆம் நாள் தலைநகர் ஆவாவில் வீட்டில் உணவுக்கு அமரும் வேளையில் அவர் கட்டி இழுத்துச் செல்லப்பட்டார். மரணச் சிறையில் மும்மடி விலங்கு. பின்னர் ஐந்து மடி. இரவில் கைதிகளின் கால்களை மூங்கிற் கழியில் கோத்து மேலே உயர்த்திவிடுவர். விலங்கோடு அவர் கழித்த காலம் 17 மாதங்கள்.

அக்காலம் முழுவதும் ஆன் அதிகாரிகளின் வாசல்தோறும் ஏறி இறங்கினார். உணவு சுமந்து சிறைக்கு நடந்தார். மண்ணில் புதைத்து வைத்திருந்த புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பின் கைப்படி நனைந்து அழியாதிருக்க, அதைப் பஞ்சுத் தலையணைக்குள் வைத்துத் தைத்துக் கணவரிடம் சேர்த்தார். எவரும் கவரத் துணியாத முரட்டுத் தலையணை அது! 1825 ஜனவரியில் மரியா பிறந்தாள். மே மாதத்தில் கைதிகள் கொளுத்தும் வெயிலில் வெறுங்காலுடன் வேறு சிறைக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். அந்தக் குழப்பத்தில் எறியப்பட்ட தலையணையை மௌங் இங் என்னும் விசுவாசி, தம் ஆசிரியரின் நினைவுப்பொருளாக எடுத்து வைத்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அவர் அறியார். மாதங்கள் கழித்துப் பிரித்தபோது கைப்படி பழுதின்றி இருந்தது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆன் புதிய சிறையிருந்த சிற்றூருக்கும் பின்தொடர்ந்தார். அங்கே பெரியம்மை வந்தது. பின்னர் ஆன் நோயில் விழுந்தார். தாய்ப்பால் வற்றியது. சிறைக்காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து அனுமதி பெற்று, விலங்கு பூண்ட கால்களுடன் ஜட்சன் அழுகின்ற குழந்தையை ஏந்தி வீடு வீடாகச் சென்றார். பச்சிளங் குழந்தைகளை உடைய பர்மியத் தாய்மாரிடம் பால் இரந்தார். அவர்கள் கொடுத்தனர்.

1826 பிப்ரவரியில் யாண்டபோ உடன்படிக்கையோடு போர் முடிந்தது. ஆயினும் அக்குடும்பத்திற்கு அமைதி கிட்டவில்லை. அதே ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், ஜட்சன் ஆவாவில் இருந்த நேரத்தில், ஆம்ஹெர்ஸ்ட் என்னும் புதிய குடியிருப்பில் ஆன் தமது 36ஆம் வயதில் இறந்தார். ஆறு மாதம் கழித்து மரியாவும் இறந்தாள். ஜட்சனின் உள்ளம் இருண்டது. கல்விப் பட்டத்தைத் துறந்தார், காட்டில் குடிசையிட்டார், தமக்கென ஒரு குழியைத் தோண்டி அதன் அருகில் அமர்ந்திருந்தார். புனிதர்களும் அறிந்த அந்த இருளை நாம் இகழ இயலாது. அதனூடே அவர் எழுதுகோலை விடவில்லை என்பதையே நாம் குறித்துக்கொள்ள வேண்டும். 1834 ஜனவரி 31ஆம் நாள் விவிலியம் முழுவதையும் பர்மிய மொழியில் பெயர்த்து முடித்தார். திருத்திய பதிப்பு 1840இல் வெளிவந்தது. பர்மியச் சீர்திருத்த சபைகளில் அம்மொழிபெயர்ப்பு இன்றும் வாசிக்கப்படுகின்றது.

இனி நாம் சொல்லப்போவது ஜட்சன் திட்டமிடாத அறுவடை. அவர் தம் வாழ்வை அளித்தது பெரும்பான்மையினராகிய பர்மியருக்கு. அவர்களில் மனம் மாறியோர் சிலரே. ஆனால், கடனுக்காக அடிமைப்பட்டிருந்த கோ தா பியூ என்னும் கரேன் மலையினத்தவர் மீட்கப்பட்டு ஜட்சன் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். கொள்ளையும் கொலையும் செய்தவர் எனத் தம்மைப் பற்றித் தாமே ஒப்புக்கொண்டவர். 1828 மே மாதம் தாவாயில் ஜார்ஜ் போர்டுமன் என்னும் பணியாளரிடம் அவர் ஞானஸ்நானம் பெற்றுத் தம் மக்களிடம் சென்றார். மலைகளிலிருந்து கூட்டங்கூட்டமாய் மக்கள் வந்தனர். காசநோயால் இறக்கும் தறுவாயில் இருந்த போர்டுமன், 1831இல் கட்டிலில் சுமந்து செல்லப்பட்டு அவர்களுடைய ஞானஸ்நானத்தைக் கண்ணாரக் கண்டு உயிர்விட்டார். அவருடைய மனைவி சாரா தாயகம் திரும்பவில்லை. சிறு மகனுடன் மலைச் சிற்றூர்களுக்குச் சென்று பணியைத் தொடர்ந்தார். அவரே 1834இல் ஜட்சனின் துணைவியானார்.

சாராவின் உடல் நலிந்தபோது, 1845இல் மூன்று மூத்த பிள்ளைகளுடன் தம்பதியர் அமெரிக்காவுக்குப் புறப்பட்டனர். மூன்று இளைய பிள்ளைகளை மௌல்மேனில் விட்டுச் செல்ல நேர்ந்தது. செப்டம்பர் முதல் நாள் செயின்ட் ஹெலினா தீவின் துறைமுகத்தில் சாரா இறந்தார். மௌல்மேனில் விட்டுவந்த மூவருள் ஒரு சிறுவன் அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே இறந்திருந்தான். தாய்க்கும் மகனுக்கும் ஒருவர் சாவு மற்றவருக்குத் தெரியாது. 33 ஆண்டுகளுக்குப் பின் தாய்நாடு கண்ட ஜட்சன், மறு ஆண்டு எமிலி சுபக் என்னும் எழுத்தாளரை மணந்து மீண்டும் பர்மா சென்றார். 1850 ஏப்ரல் 12ஆம் நாள் கடற்பயணத்தில் இறந்து, வங்கக் கடலிலேயே அடக்கமானார். சில நாட்களில் எமிலி ஈன்ற ஆண்மகவும் உயிரற்றிருந்தது. கணவரின் மறைவுச் செய்தியோ மாதங்கள் கழித்தே அவரை அடைந்தது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். ஆன் தாமே இசைந்தார். சாரா தாமே தங்கினார். ரோஜரும் மரியாவும் எதற்கும் இசையவில்லை. இதற்கு எளிய விடை தருவது அக்குழந்தைகளுக்கு நாம் செய்யும் அநீதியாகும். திருமுழுக்குப் பெற்றோரின் தொகையைக் காட்டி அவர்களுடைய சிறு கல்லறைகளைக் கணக்குத் தீர்க்க நமக்கு உரிமையில்லை. போருக்குப் பின் சபை தழைத்த பகுதிகள் ஆங்கிலேயரின் கொடிக்குக் கீழிருந்தவை என்பதையும் மறைக்கலாகாது. மண்ணை இழந்த பர்மியரின் மனம் அந்த வேதத்தை எப்படி நோக்கியிருக்கும் என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் ஒன்று நம் கண்முன் நிற்கின்றது. தனி மனிதராகச் சென்றிருந்தால் ஜட்சன் எவரிடமும் எதையும் கேளாமல் கொடுப்பவராகவே இருந்திருக்கலாம். குடும்பம் அவரை ஏழையாக்கியது. அயலார் முன் கையேந்த வைத்தது. ஆளுநரின் மனைவி அவ்வீட்டிற்கு வந்தது போதனை கேட்டு அன்று, இறந்த குழந்தைக்காக. ஆன் மக்கள் மொழியைக் கற்றது சந்தைக் கூடையோடு. மலைநாட்டு மக்களின் திருத்தூதரான அடிமை வந்து சேர்ந்தது வீட்டு வேலைக்கு. இல்லத்தை ஒரு திருச்சபையாகக் காண இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்துள்ளது. ஐராவதிக் கரையில் அந்த இல்லத்தின் கதவு திறந்ததெல்லாம் பெரும்பாலும் துயரத்தின் கையால்தான்.

1966இல் அயல்நாட்டு மறைப்பணியாளர்கள் பர்மாவை விட்டு வெளியேற்றப்பட்டனர். சபை அழியவில்லை. இன்று மியான்மர் எனப்படும் அந்நாட்டில், 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களுள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் கிறிஸ்தவர். பெரும்பாலோர் கரேன், கச்சின், சின் ஆகிய மலையினத்தவர். அச்சபையை நட்டவர்களை நாம் போற்றும்போது ஜட்சனையும் ஆனையும் சாராவையும் நினைப்போம். விலங்கொலி கேட்டுக் கதவைத் திறந்து, அயலான் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்ட, பெயர் எழுதப்படாத அந்தப் பர்மியத் தாய்மாரையும் அவர்களோடு சேர்த்து நினைப்போம்.