ஃபார் லாப்: சுமையை மீறிய வேகம்

குதிரைப் பந்தயத்தில் வெற்றிக்குத் தண்டனை உண்டு. ஹேண்டிகாப் பந்தயங்களில், வென்று பெயரெடுத்த குதிரையின் சேணத்தில் ஈயத்தைச் செருகி எடையைக் கூட்டுவார்கள். சுமாராக ஓடும் குதிரைக்குக் குறைப்பார்கள். எல்லாக் குதிரைகளுக்கும் சம வாய்ப்பு வேண்டும் என்பது எடை நிர்ணயிப்பவரின் கணக்கு. அந்தக் கணக்கை ஓடி ஓடியே பொய்யாக்கியது ஃபார் லாப்.

1926 அக்டோபர் 4ஆம் தேதி நியூசிலாந்தின் டிமாரு நகருக்கு அருகே பிறந்த செந்நிறக் குட்டி அது. சிட்னியில் பணமுடையில் தவித்த பயிற்சியாளர் ஹாரி டெல்ஃபோர்ட், ஏலப் பட்டியலில் அதன் வம்சாவளியைப் படித்துவிட்டு, டேவிட் டேவிஸ் என்ற வணிகரை வாங்கவைத்தார். விலை 160 கினி. வந்திறங்கிய குட்டியோ ஒல்லி உடம்பும் மரு நிறைந்த முகமுமாக இருந்தது. கோபமடைந்த டேவிஸ் பயிற்சிச் செலவைத் தர மறுத்தார். மூன்றாண்டுக் குத்தகைக்கு டெல்ஃபோர்டே எடுத்துக்கொண்டார்.

அவர் அதை மணல்மேடுகளில் ஏற்றி இறக்கிப் பழக்கினார். லாயத்தில் அதற்குத் துணை டாமி வுட்காக் என்ற இளைஞர். அவர் கையால் கொடுத்தால்தான் தீனி இறங்கும் என்ற அளவுக்கு ஒட்டிக்கொண்டது குதிரை. முதல் பந்தயத்தில் அது கடைசி. 1929 ஏப்ரலில் ரோஸ்ஹில்லில் முதல் வெற்றி. அதே ஆண்டில் சிட்னியிலும் மெல்போர்னிலும் டெர்பி பந்தயங்களை வென்றது.

பொருளாதார மந்தத்தில் ஆஸ்திரேலியா துவண்டிருந்த காலம். வேலையிழந்த மனிதர்கள், யாரும் மதிக்காத குட்டியாக வந்து ஜெயித்த இந்தக் குதிரையைத் தங்களவனாகவே பார்த்தார்கள். பந்தயச் சூதில் பெரும்பணம் இழக்க இருந்தவர்களுக்கு அது பகை. 1930 நவம்பர் 1 காலை, பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் காரிலிருந்து அதை நோக்கிச் சுட்டார்கள். குறி தப்பியது. அன்று பிற்பகலே ஒரு பந்தயத்தை வென்றது ஃபார் லாப். மூன்றாம் நாள், 62.5 கிலோ சுமந்து, ஜாக்கி ஜிம் பைக்கோடு மெல்போர்ன் கோப்பையையும் வென்றது.

அடுத்த ஆண்டு அதே கோப்பைக்கு 68 கிலோ ஏற்றினார்கள். 3,200 மீட்டர் தூரத்துக்கு அது மிகக் கொடிய சுமை. எட்டாவதாக வந்தது. அந்தத் தோல்வியை நான் குதிரையின் கணக்கில் எழுதமாட்டேன்.

1932 மார்ச் 20இல் மெக்சிகோவின் டிஹுவானாவில் அகுவா காலியன்டே ஹேண்டிகாப். நீண்ட கடற்பயணம், பழகாத மண்தடம், வெடித்த குளம்பு. வுட்காக்கின் பயிற்சியில் ஓடியது. தடத்தின் சாதனையை முறியடித்து வென்றது. பதினாறாம் நாள், ஏப்ரல் 5இல், கலிபோர்னியாவில் வயிறு வீங்கித் துடித்து, வுட்காக்கின் அணைப்பிலேயே உயிர்விட்டது. இறப்பதற்கு முந்தைய 30 முதல் 40 மணி நேரத்துக்குள் அதன் உடலில் பெருமளவு ஆர்சனிக் சேர்ந்திருந்ததைப் பிடரிமயிர்ச் சோதனை பல பத்தாண்டுகளுக்குப் பிறகு காட்டியது.

தோல் மெல்போர்னிலும், எலும்புக்கூடு வெலிங்டனிலும், 6.2 கிலோ இதயம் கான்பராவிலுமாக அருங்காட்சியகங்கள் பங்கிட்டுக்கொண்டன. அந்த இதயத்தின் அளவில்தான் வெற்றியின் ரகசியம் இருக்கிறது என்பார்கள். இதயம் பெரிதாக இருந்தது உண்மை. ஆனால் முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தபோதும் அந்த மார்புக்குள் இருந்தது அதே இதயம்தானே! அதை 51 பந்தயங்களில் 37 வெற்றிக்குக் கொண்டுபோனதில், நம்பிக் குத்தகை எடுத்தவருக்கும் கூடவே கிடந்து வளர்த்தவருக்கும் பெரும்பங்கு உண்டு. ஃபார் லாப்பின் பெயரைச் சொல்லும் இடத்திலெல்லாம் அவர்களையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.