கண்டி மலைநாட்டில் நினைவுக்கல்: காவற்படை மயானம் முதல் தேயிலைத் தோட்டம் வரை

மயானக் கட்டடக்கலையில் நவீனத்துவம் என்பது கான்கிரீட் புகுந்த கதை மட்டுமன்று. இறந்தவரின் குலத்தையும் பதவியையும் செல்வத்தையும் கல்லின் உயரத்தால் காட்டிய பழைய வழக்கத்தைக் கைவிட்டு, அலங்காரம் களைந்த ஒரே வடிவத்தை வரிசையாக நிறுத்தி, நிலத்தையே நினைவிடமாக்கிய சிந்தனை மாற்றமே அதன் சாரம். சுவீடனில் 1915இல் நடந்த போட்டியில் வென்ற குன்னார் அஸ்ப்லுந்தும் சிகுர்த் லெவரென்ட்ஸும், ஸ்டாக்ஹோமில் பைன் மரங்களுக்கு இடையே கல்லறைகளைத் தாழ்வாகப் பரப்பி இம்மாற்றத்துக்கு உருவம் தந்தனர். கண்டிக்கு அது போரின் வழியாக வந்தது.

அதற்கு முந்திய நிலையைத் தலதா மாளிகைக்குப் பின்புறமுள்ள பிரித்தானியக் காவற்படை மயானத்தில் காணலாம். 1815 மார்ச் 2இல் மகுல் மடுவ எனும் அரச சபா மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் நிறைவேற முன்னின்று உழைத்த சர் ஜோன் டொய்லி, 1824இல் இறந்து இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குத் தூண் எழும்பியது, சாதாரணச் சிப்பாய்க்கோ சிறு பலகைக்கல்லே கிடைத்தது. காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் ஒரேவிதமாக மாண்டவர்களைக் கல் மட்டும் தரம் பிரித்தது.

இந்தத் தரப்பிரிப்பை முறித்தது, 1917இல் அரச பட்டயத்தால் நிறுவப்பட்ட பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம். பிரடெரிக் கென்யன் 1918இல் அளித்த அறிக்கையின்படி, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்லே உரியது என்றும், பணம் படைத்த குடும்பம் தனிச் சின்னம் எழுப்ப இடமில்லை என்றும் முடிவாயிற்று. ஆணையத்தின் முதன்மைக் கட்டடக் கலைஞர்களுள் ஒருவரான எட்வின் லட்யன்ஸ், எந்தச் சமயத்தின் குறியுமில்லாத நினைவுக்கல்லை வடிவமைத்தார். அவர் செவ்வியல் மரபில் ஊறியவர் எனினும், சிலையும் சிற்பமும் நீக்கி அளவையும் விகிதத்தையும் மட்டும் நம்பிய அக்கல்லை நவீனத்துவத்தின் முன்னோடி எனக் கொள்வதே பொருந்தும். கொழும்பில் 1923இல் திறக்கப்பட்ட போர் நினைவுத் தூணும் அவருடைய வடிவமைப்பே.

1944இல் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. இரண்டாம் உலகப்போரில் இறந்தோருக்கெனப் பிட்டகந்தையில் அமைந்த கண்டிப் போர் மயானத்தில் ஏறக்குறைய 200 கல்லறைகள் உள்ளன. பிரித்தானியர், இலங்கையர், இந்தியர், பர்மியப் போர்முனைக்கு முன் இத்தீவில் பயிற்சி பெற்ற கிழக்காபிரிக்கப் படைகளைச் சேர்ந்தோர் ஆகியோர் இங்கே ஒரே புல்வெளியில் உறங்குகின்றனர். டொய்லியின் தூணைக் கண்டு வருபவருக்கு இந்தச் சமவரிசை உணர்த்தும் வேறுபாடு சிறிதன்று. ஆயினும் ஆணையத்தின் கொள்கை எல்லா இடங்களிலும் கடைப்பிடிக்கப்படவில்லை; முதலாம் உலகப்போரில் மாண்ட ஆபிரிக்கர், ஆசியர் பல்லாயிரவருக்குப் பெயர் பொறித்த கல்லே வைக்கப்படவில்லை என்பதை 2021இல் வெளியான அதன் அறிக்கையே ஒப்புக்கொண்டது.

சுதந்திரத்துக்குப் பின் அரசு தேர்ந்த வழி இந்த அலங்காரமற்ற நவீன வடிவத்துக்கு எதிரானது. கொழும்பில் கட்டடக் கலைஞர் டொம் நெவில் வின்-ஜோன்ஸ் தலைமையில் உருவாகி 1953இல் திறக்கப்பட்ட சுதந்திர நினைவு மண்டபம், கண்டியின் மகுல் மடுவவை மாதிரியாகக் கொண்டது. மரத்தச்சரின் கைவண்ணத்தில் பிறந்த தூண் வடிவம் அங்கே கான்கிரீட்டில் வார்க்கப்பட்டது. சுதந்திரம் பறிபோன மண்டபத்தின் உருவிலேயே சுதந்திரத்துக்கு நினைவிடம் எழுந்ததில் ஒரு மீட்பு உண்டு. கட்டடக்கலை நோக்கில் அது பின்னோக்கிய பார்வைதான். அதே ஆண்டுகளில் கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா, நவீன வடிவத்தோடு தும்பறைப் பாய் நெசவையும் சுடுமண் ஓட்டையும் இணைத்து வீடுகள் கட்டினார். கண்டிக்கு அருகே வத்தேகமவைச் சூழ்ந்த தும்பறைப் பள்ளத்தாக்கின் கைவினையை நகலெடுக்காமல் வாழவைத்த அந்த நெறி, நினைவிடக் கட்டுமானத்துக்கு எட்டவில்லை.

சமவரிசைக் கல் எட்டாத நிலமும் ஒன்று உண்டு. வத்தேகமவிலிருந்து பன்விலை, மடுல்கலை நோக்கி ஏறும் மலைச்சரிவுகளில் முதலில் கோப்பியும், 1869இல் பரவத் தொடங்கிய இலைநோய் அதை அழித்தபின் தேயிலையும் வளர்த்தவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லருக்குக் கண்டி மஹியாவ மயானத்தில் கல்லறை உண்டு. மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்து வந்து பாதையிலும், தோட்டக் குடியிருப்பான லயத்திலும் மாண்டவர்களோ, பெரும்பாலும் தேயிலை மூட்டில் கல்லின்றிப் புதையுண்டனர். மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் வெளியிட்ட ஆங்கில நெடுங்கவிதை, கல்லும் பெயருமில்லாத அம்மாந்தரைப் பற்றியதே; கட்டடக்கலை செய்யத் தவறியதைக் கவிதை செய்தது.

சமவரிசைக் கல்லைத் தந்த பேரரசு, தன் வருவாய்க்காக உழைத்து மாண்டவர்களை அந்த வரிசையில் சேர்க்கவில்லை. பின்வந்த அரசும் சேர்க்கவில்லை. அதைச் செய்யத் தூணும் மண்டபமும் தேவையில்லை. எஞ்சியிருக்கும் செக்ரோல் எனும் தொழிலாளர் பதிவேடுகளிலிருந்தும் மரணப் பதிவுகளிலிருந்தும் பெயர்களைத் திரட்டி, தோட்டந்தோறும் உள்ள மயானத்தில் ஒரே அளவுக் கற்களில் பொறிக்கும் பணியைத் தோட்ட நிருவாகங்களும் பிரதேச சபைகளும் மலையகக் கல்வியாளரும் இனியேனும் கையில் எடுக்க வேண்டும்.