ஜப்பானுக்குப் போன கல்யாணராமனும் அரியாலையில் அழிந்த கல்யாணமும்

சில மாதங்களுக்கு முன் ரொறன்ரோவிலிருந்து என் சின்னம்மாவின் மகள் தொலைபேசியில் கேட்டாள்: "அண்ணை, அரியாலை வீட்டுச் சாமானுக்குள்ள அம்மாவின்ர கல்யாணக் கசெற் கிடக்குதோ? அம்மாவின்ர குரலை ஒருக்காக் கேக்கவேணும் போல கிடக்கு." சின்னம்மா காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

கசெற் கிடந்தது. ஆனால் அதன் முதுகில் ஒட்டியிருந்த தாளில் 'ஜப்பானில் கல்யாணராமன்' என்று எழுதியிருந்தது. எழுத்து என்னுடையது. அது எப்படி நேர்ந்தது என்று அவளுக்குச் சொல்ல முற்பட்டபோது, யாழ்ப்பாணத்தின் வீடியோக் காலம் முழுவதையுமே சொல்ல வேண்டியதாயிற்று.

'கல்யாணராமன்' 1979இல் வெளிவந்தது. ஜி.என். ரங்கராஜன் இயக்கிய அப்படத்தில் கமல்ஹாசன் இரட்டையராக நடித்தார். இறந்துபோன சகோதரன் ஆவியாக வந்து மற்றவனுக்குத் துணை நிற்பது கதை. குழந்தைகளும் முதியோரும் சேர்ந்திருந்து சிரித்த குடும்பப் படம். 1985இல் எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில் அதன் தொடர்ச்சி வந்தது. ஒரு படத்தின் கதையைத் தொடர்ந்து இன்னொரு படம் எடுப்பது தமிழில் அரிதாயிருந்த காலம் அது. அதிலும் கதை ஜப்பானுக்குப் போகிறது என்றால் கேட்க வேண்டுமா?

ஆனால் யாழ்ப்பாணத்துத் திரையரங்குகளில் புதிய இந்தியப் படம் உடனே வருவதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அமைந்த அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் இறக்குமதியைத் தன் கையில் எடுத்தபின், இந்தியப் படங்களின் எண்ணிக்கை குறைந்தது. வருபவையும் காலந்தாழ்ந்தே வந்தன. இந்த இடைவெளியைத்தான் வீடியோ நிரப்பியது. 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போனவர்கள் திரும்பும்போது டெக் கொண்டுவந்தார்கள். டெக் இல்லாதோர் பெட்டியும் டெக்கும் மூன்று படமும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்தார்கள். முற்றத்தில் பாய் விரித்து விடியும்வரை பார்த்தோம்.

எதைப் பார்த்தோம் என்பது வேறு விடயம். வி.எச்.எஸ். முறையை ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் அறிமுகப்படுத்தியது. அரை அங்குல நாடாவில், ஒரு வரியின் குறுக்கே ஏறத்தாழ 240 நுண்கூறுகளையே அதனால் பிரித்துக் காட்ட முடியும். நிறத்துக்குக் கிடைத்த இடம் அதைவிடவும் குறைவு. ஆகவேதான் நாயகியின் சிவப்புச் சேலை அதன் கரையைத் தாண்டிப் பக்கத்திலிருப்பவர் மேலும் வழிந்தது. ஒலி நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய கீற்றாகப் பதிவாகும். பாட்டுக் கசெற்றின் நாடா செக்கனுக்கு 47.6 மில்லிமீற்றர் ஓடும். வீடியோ நாடாவோ 23.4 மில்லிமீற்றர்தான். அதே இளையராஜாவின் பாட்டு வானொலிப் பெட்டியில் தெளிவாகவும் ரீவியில் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோலவும் கேட்டதற்கு இதுவே காரணம்.

இது மூலப் பிரதியின் நிலை. எங்களுக்கு வந்தது பிரதியின் பிரதியின் பிரதி. ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் இரைச்சல் கூடும், விளிம்பு மங்கும், நிறம் நகரும். ஆவியாக வரும் கல்யாணத்தின் அடையாளமே அந்தத் தூக்கலான பற்கள்தாம். எங்கள் பிரதியில் பல்லைக் காண முடியவில்லை. பேச்சைக் கேட்டே எவர் உயிரோடிருப்பவர், எவர் ஆவி என்று கண்டுகொண்டோம். ஜப்பானின் தெருக்களும் விளக்குகளும் ஒரே நீலப் புகையாகத் தெரிந்தன. அப்படியிருந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் சில துளிகளில் ஜெனரேற்றரை இயக்கி, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். மின்னழுத்தம் ஏறி இறங்கத் திரையிலுள்ள படமும் சுருங்கி விரிந்தது. வெற்றுக் கசெற் கடைகளில் இல்லை. ஒரு படத்தைப் பதிய வேண்டுமானால் ஏற்கனவே உள்ள ஒன்றை அழிக்க வேண்டும். பல வீடுகளிலும் இருந்தது கல்யாணக் கசெற்தான்.

1991இல், வாடகைக்கு வந்த இரண்டு டெக்குகள் ஒரே இரவில் எங்கள் வீட்டில் சேர்ந்தன. அந்த வாய்ப்பை விட எனக்கு மனமில்லை. சின்னம்மாவின் 1986ஆம் ஆண்டுக் கல்யாணக் கசெற்றின் பின்புறத்திலிருந்த சிறு பிளாஸ்ரிக் தகட்டைச் சித்தப்பா கவனமாக உடைத்து வைத்திருந்தார். அதை உடைத்தால் அதன்மேல் எதையும் பதிய முடியாது. அந்தக் குழியை ஒட்டுநாடாவால் மூடினால் மீண்டும் பதியலாம் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. மூடினேன்.

1995 ஒக்ரோபர் 30 இரவு, நாவற்குழி ஊடாகத் தென்மராட்சிக்கு இலட்சக்கணக்கானோர் நடந்தபோது, அம்மா காணி உறுதிகளோடு அந்தக் கசெற்றையும் பையில் வைத்திருந்தார். வெளிப்பெட்டியில் ஸ்ரூடியோ ஒட்டிய கல்யாணத் தாள் அப்படியே இருந்தது. "தங்கச்சின்ர கல்யாணமெல்லே" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அம்மா போகும்வரை திறக்கவில்லை.

இந்தமுறை நாடாவைத் துப்புரவாக்குவித்து எண்ணிம வடிவுக்கு மாற்றினேன். எதிர்பார்த்தபடி முதலில் கல்யாணராமன், அதே நீலப் புகையுடன். படம் முடிந்தது. திரை ஒரு கணம் கலங்கிற்று. பிறகு, மூன்று மணி நேர நாடாவில் படம் எட்டாத எச்சத்தில், அரியாலை வீட்டு முற்றம் தெரிந்தது. இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். தாலி கட்டு இல்லை, அது போய்விட்டது. பந்தி மட்டும் இருந்தது. சின்னம்மா இலைகளைப் பார்த்து, "அப்புவுக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் விடுங்கோ" என்கிறார். அவ்வளவுதான் அவருடைய குரல்.

அந்த இருபது நிமிடம் படத்தைவிடத் தெளிவாக இருந்தது. அது கமராவில் நேரே பதிந்த மூலம். படமோ நாலாம் தலைமுறைப் பிரதி. கல்யாணராமன் இன்று இணையத்தில் எங்கும் கிடைக்கிறான், பல்லும் தெரிகிறது. சின்னம்மாவின் கல்யாணத்துக்கு உலகில் ஒரே பிரதிதான் இருந்தது. எது அரியது, எது மலியது என்பதை அக்கால அருந்தல் எங்களுக்குத் தலைகீழாகக் காட்டிவிட்டது.

தங்கச்சிக்கு அந்தத் துண்டை அனுப்பி, நடந்ததையும் எழுதினேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் எழுதினாள்: "பாயாசம் கேட்டது காணும் அண்ணை."

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வி.எச்.எஸ். டெக் செய்துவந்த கடைசி நிறுவனமான ஃபுனாயும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. உங்கள் வீட்டுப் பழைய கசெற்றில் வெண்பூஞ்சணம் இருந்தால் டெக்கில் போடாதீர்கள், முதலில் துப்புரவாக்குவியுங்கள். முதுகில் சினிமாப் பெயர் இருக்கிறதே என்று எறிந்தும் விடாதீர்கள். படம் முடிந்த பின்னும் நாடாவை ஓடவிட்டுப் பாருங்கள்.