அடைப்புசார் உறக்க மூச்சுத்தடையும் வாய்ச்சாதனமும்: ‘மாற்றுச் சிகிச்சை’ என்னும் வகைப்பாட்டின் வரலாறு

முன்னுரை

உறக்கத்தின்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னோக்கிச் சரிந்து, மூச்சுப்பாதை மீண்டும் மீண்டும் அடைபடும் நோய் அடைப்புசார் உறக்க மூச்சுத்தடை எனப்படும். இதற்கு மூக்கின் வழியே காற்றழுத்தம் செலுத்தும் கருவி முதன்மைச் சிகிச்சையாகவும், கீழ்த்தாடையை முன்னிறுத்தும் வாய்ச்சாதனம் மாற்றுச் சிகிச்சையாகவும் வகைப்படுத்தப்பட்டுள்ளன. இவ்வகைப்பாடு எந்த அளவுகோலின் அடிப்படையில் உருவாயிற்று என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நோய்ப்பெயருக்கு முந்திய நெறி

தாடையை முன்தள்ளினால் மூச்சுப்பாதை திறக்கும் என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே மயக்கமருந்து கொடுத்த மருத்துவர்கள் அறிந்திருந்தனர். அம்முறை ஜெர்மானிய அறுவை மருத்துவர் எஸ்மார்ச்சின் பெயரோடு இணைத்து வழங்கப்படுகிறது. பிரெஞ்சு வாய்நோய் மருத்துவர் பியேர் ரோபன் 1902-இல் ‘மோனோபிளாக்’ என்னும் ஒற்றைத்துண்டுச் சாதனத்தை விவரித்தார். சிறுத்த தாடையுடைய குழந்தைகளுக்கு நாக்கு பின்சரிந்து மூச்சு அடைபடுவதை 1923-இல் எடுத்துரைத்தார். உறக்கத்தில் மூச்சு நின்றுபோவதைப் பிரான்சின் மார்செய் நகரில் காஸ்தோ குழுவினரும், ஜெர்மனியில் யுங், கூலோ ஆகியோரும் தனித்தனியே பதிவு செய்த ஆண்டு 1965. எனவே, சாதனத்தின் அடிப்படை நெறி, நோய் இனங்காணப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முற்பட்டது.

முதன்மையும் மாற்றும்

தொடக்கத்தில் இருந்த உறுதியான தீர்வு, கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறக்கும் அறுவையே ஆகும். 1969-இல் கூலோ குழுவினர் அதனை வெளியிட்டனர். 1981-இல் சிட்னியில் கொலின் சல்லிவன் குழுவினர் ஐந்து நோயாளிகளிடம் காற்றழுத்த முறையை நிறுவிக் காட்டினர். அறுவையின்றி அடைப்பை நீக்கியதால் அது விரைவில் முதலிடம் பெற்றது. மறு ஆண்டே அமெரிக்காவில் ரோசலிண்ட் கார்ட்ரைட், சார்லஸ் சாமெல்சன் இருவரும் நாக்கை முன்னே பிடித்துவைக்கும் சாதனத்தைப் பற்றி எழுதினர். 1984-இல் ஜெர்மனியில் மையர்-ஏவர்ட் குழுவினர் தாடையை முன்னிறுத்தும் சாதனத்தை அறிவித்தனர்.

அக்காலத்தில் சிகிச்சையின் வெற்றி, ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை தடைப்படுகிறது என்னும் எண்ணிக்கையால் அளக்கப்பட்டது. அவ்வளவுகோலில் காற்றழுத்தக் கருவியே மேம்பட்டு நின்றது. 1995-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுநெறி, குறட்டைக்கும் இலேசான நோய்க்கும், காற்றழுத்தத்தை ஏற்க இயலாதவர்க்கும் வாய்ச்சாதனத்தைப் பரிந்துரைத்தது. ‘மாற்று’ என்னும் தகுதி இவ்வாறே நிலைபெற்றது.

அளவுகோலின் மாற்றம்

எனினும், கருவி அணியப்படாத இரவில் அதன் ஆற்றலால் பயனில்லை. முகமூடியின் இடையூறு தாளாமல் பலர் அதனைக் கைவிட்டமை மருத்துவர்களின் கவனத்தை ஈர்த்தது. 2013-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில் 108 நோயாளிகள் இரு முறைகளையும் மாறிமாறி, ஒவ்வொன்றையும் ஒரு மாதம் பயன்படுத்தினர். மூச்சுத்தடையைக் குறைப்பதில் காற்றழுத்தமே சிறந்திருந்தது. ஆனால், இரவுக்குச் சராசரியாக அது 5.2 மணி நேரமும், வாய்ச்சாதனம் 6.5 மணி நேரமும் பயன்படுத்தப்பட்டன. பகல் தூக்கம், வாகனம் ஓட்டும் திறன் ஆகியவற்றில் வாய்ச்சாதனம் பின்தங்கவில்லை. சாதனம் அணிந்த நேரம் நோயாளிகள் தாமே தெரிவித்தது என்பதும், ஆய்வுக்காலம் குறுகியது என்பதும் கருதத்தக்கவை.

2015-ஆம் ஆண்டின் அமெரிக்க நெறிமுறை, காற்றழுத்தத்தை ஏற்க இயலாதவரோடு வேறு முறையை விரும்புவோர்க்கும் வாய்ச்சாதனத்தைக் கருதலாம் என்றது. தகுதிபெற்ற பல் மருத்துவர் அளவெடுத்துச் செய்த, படிப்படியாகச் சரிசெய்யத்தக்க சாதனத்தையும், அதன் பின்னர் மீண்டும் உறக்கப் பரிசோதனையையும் அது வலியுறுத்தியது.

முடிவுரை

வாய்ச்சாதனம் எல்லார்க்கும் ஒத்துவருவதில்லை. நீண்டகாலப் பயன்பாட்டில் பற்களின் இருப்பு மாறுவதும் உண்டு. ஆயினும், ‘மாற்று’ என்னும் அடை அதன் வரலாற்று முன்பின்னைச் சுட்டவில்லை. குறிப்பிட்ட காலத்தில் மேலோங்கிய ஓர் அளவுகோலையே சுட்டுகிறது. மூச்சுத்தடையின் எண்ணிக்கையோடு அணியப்படும் நேரமும் சேர்த்து மதிப்பிடப்படும்போது அவ்வடையின் பொருளும் மாறுகிறது. ஆகவே, மருத்துவ வரலாற்றில் ஒரு சிகிச்சைக்கு வழங்கப்படும் தகுதியை ஆராய்வோர், அதனை நிறுவிய அளவுகோலையும் உடன் ஆராய்தல் இன்றியமையாதது.