செயற்கைக் கால் கூடுதல் வேகம் தருகிறதா? ‘பிளேடு’ ஓட்டமும் முடிவுக்கு வராத நியாய விவாதமும்: ஒரு பார்வை

புதுடெல்லி: டெல்லி ஜங்புராவில் பாராபுல்லா கால்வாய்க் கரையில் பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் வசித்து வந்த மதராசி கேம்ப் குடியிருப்பு, 2025 ஜூன் 1ஆம் தேதி இடிக்கப்பட்டது. அங்கிருந்து ஓரிரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஜவஹர்லால் நேரு மைதானத்தில், அடுத்த நான்கு மாதங்களுக்குள் உலக பாரா தடகள சாம்பியன்ஷிப் தொடங்கியது. செப்டம்பர் 27 முதல் அக்டோபர் 5 வரை நடைபெற்ற இப்போட்டியை இந்தியா நடத்தியது இதுவே முதல்முறை. 6 தங்கம் உட்பட 22 பதக்கங்களை இந்தியா வென்றது. 2010 காமன்வெல்த் போட்டியின்போது வீரர்களை இதே மைதானத்துக்கு விரைவாக அழைத்து வருவதற்காகவே பாராபுல்லா மேம்பாலம் கட்டப்பட்டது என்பதும் இங்கே நினைவுகூரத்தக்கது.

கார்பன் இழைத் தகடுகளைக் காலாகப் பொருத்திக்கொண்டு ஓடுவோரை அந்த மைதானத்தில் ரசிகர்கள் நேரில் கண்டனர். அவர்களுள் சிலர் ஓடும் வேகத்தைக் கவனித்தால் ஒரு கேள்வி தானாகவே எழும். தமிழக வீரர் விஷால், 2025 ஆகஸ்டில் சென்னையில் 400 மீட்டரை 45.12 விநாடிகளில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். இரு கால்களிலும் செயற்கைக் கால் பொருத்திய ஜெர்மனி வீரர் யோகன்னஸ் ஃப்ளோர்ஸ், 2019இல் துபாயில் அதே தூரத்தை 45.78 விநாடிகளில் கடந்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவின் ஆஸ்கார் பிஸ்டோரியஸ் 2011இல் பதிவு செய்த 45.07 விநாடிகளோ, விஷாலின் சாதனையைவிடக் குறைவான நேரம். அப்படியானால் இந்தத் தகடு இழந்த காலுக்கு ஈடா, அல்லது இயற்கையான காலை விஞ்சும் கருவியா?

தகடு எவ்வாறு இயங்குகிறது?

‘பிளேடு’ என்று அழைக்கப்பட்டாலும் இதில் கூர்முனை ஏதும் இல்லை. அரிவாள்போல் வளைந்த கார்பன் இழைத் தகடு இது. இதில் மோட்டாரோ மின்கலமோ கிடையாது. ஓடுபவரின் எடை அழுத்தும்போது தகடு வளைந்து ஆற்றலைச் சேமிக்கிறது. நிமிரும்போது அதைத் திருப்பித் தருகிறது. தனக்குக் கிடைத்ததைவிட அதிகமாக அதனால் தர இயலாது. மனிதக் கணுக்கால் அப்படியல்ல. தசை சுருங்கும்போது அது புதிதாக ஆற்றலை உருவாக்கித் தரையை உந்துகிறது.

தகடு பொருத்தியவருக்குப் பாதகம் என்பதற்கு முதன்மையான சான்று இதுவே. துப்பாக்கி ஒலித்ததும் அசையா நிலையிலிருந்து பாய்ந்து எழுவதற்குக் கணுக்காலின் உந்துதல் மிக அவசியம். தகட்டில் அது இல்லாததால் இவர்களது தொடக்கம் மந்தமாகவே அமைகிறது. வளைவுகளிலும் சிக்கல் உண்டு. தடகளப் பாதை இடப்புறமாகத் திரும்புவதால், இடது காலில் மட்டும் செயற்கைக் கால் பொருத்தியவர் வளைவில் சுமார் 4 சதவீத வேகத்தை இழக்கக்கூடும் என ஆய்வு ஒன்று கணக்கிட்டுள்ளது.

சாதகம் என்று வாதிடுவோர் சுட்டிக்காட்டுவது தகட்டின் எடையை. சதையும் எலும்பும் கொண்ட கீழ்க்காலைவிடத் தகடு மிகவும் இலேசானது. எனவே காலை முன்னோக்கி வீசி அடுத்த அடி வைக்க எடுக்கும் நேரம் குறைகிறது. பிஸ்டோரியஸ் காலை வீசிய நேரம், 100 மீட்டர் உலக சாதனையாளர்களின் சராசரியைவிட 15.7 சதவீதம் குறைவாக இருந்ததாக 2009இல் வெளியான ஆய்வுக் கட்டுரை தெரிவித்தது. அதே கட்டுரையின் மற்றொரு பகுதி அவ்வளவாக மேற்கோள் காட்டப்படுவதில்லை. ஒவ்வோர் அடியிலும் அவர் தரையில் செலுத்திய விசை, அவருக்கு நிகரான வேகமுடைய மற்ற ஓட்டக்காரர்களைவிடக் குறைவாகவே இருந்தது. அதாவது, ஒரு பக்கம் லாபம், மறுபக்கம் நட்டம். இரண்டையும் கழித்த பின் எஞ்சுவது என்ன என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

பிஸ்டோரியஸ் வழக்கு:

கீழ்க்காலின் வெளி எலும்பு இல்லாமல் 1986இல் பிறந்த பிஸ்டோரியஸுக்கு, 11 மாதக் குழந்தையாக இருந்தபோதே முழங்காலுக்குக் கீழே இரு கால்களும் அகற்றப்பட்டன. அவர் ஒலிம்பிக் கனவுடன் முன்னேறிய வேளையில், 2007இல் சர்வதேச தடகள சம்மேளனம் சுருள்வில், சக்கரம் போன்றவற்றைக் கொண்ட தொழில்நுட்பக் கருவிகளுக்குத் தடை விதித்தது. அவருக்காகவே விதி எழுதப்பட்டதோ என்ற ஐயம் அப்போதே எழுந்தது.

ஜெர்மனியின் கொலோன் நகரில் அவர் பரிசோதிக்கப்பட்டார். நிகரான வேகத்தில் ஓடும் மற்றவர்களைவிட அவர் 25 சதவீதம் குறைவான ஆற்றலையே செலவிடுகிறார் என்று அறிக்கை கூறியது. 2008 ஜனவரியில் சம்மேளனம் அவரைத் தகுதி நீக்கம் செய்தது. அவர் விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றத்தை நாடினார். அமெரிக்க விஞ்ஞானிகள் குழு ஒன்று ஹூஸ்டனில் அவரை மீண்டும் பரிசோதித்தது.

2008 மே 16 அன்று நீதிமன்றம் தடையை நீக்கியது. அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறாகவே நினைவுகூரப்படுகிறது. தகட்டால் சாதகம் இல்லை என்று நீதிபதிகள் கூறவில்லை. நிகர சாதகம் இருப்பதாகச் சம்மேளனம் நிரூபிக்கவில்லை என்றே கூறினர். தொடக்கத்தையும் வேகம் எடுக்கும் கட்டத்தையும் விட்டுவிட்டு, நேர்கோட்டு ஓட்டத்தை மட்டும் அளந்த கொலோன் சோதனை முழுப் பந்தயத்துக்கும் சான்றாகாது என்பது அவர்களது நிலைப்பாடு. மேலும், அத்தீர்ப்பு அவர் ஒருவருக்கும், அவர் அணிந்த அந்த ஒரு வகைத் தகட்டுக்கும் மட்டுமே பொருந்தும்.

வழக்கு முடிந்தது, சர்ச்சை முடியவில்லை. ஹூஸ்டன் குழுவில் ஒன்றாகப் பணியாற்றிய விஞ்ஞானிகளே 2009 இறுதியில் இரு தரப்பாகப் பிரிந்தனர். 400 மீட்டரில் தகடுகள் சுமார் 10 விநாடிகள் வரை சாதகம் தருவதாகப் பீட்டர் வெயாண்ட் தரப்பு எழுதியது. ஒரே ஒரு வீரரின் தரவைக் கொண்டு அவ்வாறு கூற இயலாது என்று ரோட்ஜர் கிராம், ஹியூ ஹெர் தரப்பு மறுத்தது.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் பிஸ்டோரியஸ் 400 மீட்டர் அரையிறுதி வரை முன்னேறினார். சில வாரங்களில் அதே நகரில் நடந்த பாராலிம்பிக்கில் 200 மீட்டர் இறுதியில் பிரேசிலின் ஆலன் ஒலிவேராவிடம் 21.52க்கு 21.45 விநாடிகள் என்ற கணக்கில் தோற்றதும், ‘எதிராளியின் தகடு நீளமாக உள்ளது’ என்று அவரே புகார் கூறினார். ஒலிவேராவின் தகடுகள் விதிக்கு உட்பட்டே இருந்தன. தம்மீது சுமத்தப்பட்ட குற்றச்சாட்டையே அவர் மற்றொருவர்மீது சுமத்தியது விந்தைதான். (மறு ஆண்டு தம் தோழியைச் சுட்டுக் கொன்று அவர் சிறை சென்றது தனிக் கதை.)

இல்லாத காலின் நீளம் எவ்வளவு?

லண்டன் புகார் தொட்ட இடமே இந்த விவாதத்தின் மையம். இரு கால்களையும் இழந்தவர், கால்கள் இருந்திருந்தால் எவ்வளவு உயரம் வளர்ந்திருப்பார்? ஒரு கால் மட்டும் இழந்தவருக்கு மறுகால் அளவுகோலாக இருக்கிறது. இருவகைக் காலும் இல்லாதவருக்கு அவ்வாறான அளவுகோல் ஏதும் இல்லை. கால் நீண்டால் அடியும் நீளக்கூடும். எனவே கை எலும்பின் நீளம், கை விரிப்பு, உட்கார்ந்த நிலை உயரம் ஆகியவற்றைக் கொண்டு, அனுமதிக்கத்தக்க அதிகபட்ச நிற்கும் உயரத்தை ஒரு சூத்திரம் மூலம் சர்வதேச பாராலிம்பிக் கமிட்டி கணக்கிடுகிறது. 2018 ஜனவரி முதல் இச்சூத்திரம் மேலும் கடுமையாக்கப்பட்டது. உரிய உயரத்துக்குள் வர, பலர் தங்கள் தகடுகளைக் குறைக்க வேண்டியதாயிற்று.

அமெரிக்க வீரர் பிளேக் லீப்பர் சிக்கியது இங்குதான். 2015இல் சம்மேளனம் விதியைத் திருத்தி, சாதகம் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பை வீரர்மீதே சுமத்தியிருந்தது. 2020 பிப்ரவரியில் லீப்பரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். அக்டோபரில் வந்த தீர்ப்பு இருமுனை கொண்டது. நிரூபிக்கும் பொறுப்பை மாற்றுத்திறனாளியின் தலையில் கட்டுவது சட்டவிரோதம் எனக் கூறி அவ்விதியை நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால், லீப்பர் தமது இயல்பான உயரத்தைவிடச் சுமார் 15 செ.மீ. உயரமாக ஓடுகிறார் என்ற வாதத்தை ஏற்று, அவருக்குச் சாதகம் இருப்பது நிரூபணமானது என்றும் கூறியது. கொள்கையில் அவர் வென்றார். ஓடும் உரிமையை இழந்தார்.

லீப்பர் தரப்பு எழுப்பிய மற்றொரு ஆட்சேபம் நம்மவர்களும் கவனிக்க வேண்டியது. உயரச் சூத்திரத்துக்கு அடிப்படையான அளவீடுகளில் கறுப்பின ஆப்பிரிக்க மக்கள் இடம்பெறவில்லை; இனத்துக்கு இனம் உடல் விகிதம் மாறும் என்று அவர்கள் வாதிட்டனர். பாகுபாடு என்ற குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை. உயரத்தைக் குறைத்து அவர் மீண்டும் விண்ணப்பித்ததும் 2021இல் நிராகரிக்கப்பட்டது. உயரம் அதிகரிப்பதால் மட்டுமே உச்ச வேகம் கூடிவிடுவதில்லை என்று அலெனா கிராபோவ்ஸ்கி உள்ளிட்ட ஆய்வாளர்கள் கூறி வருகின்றனர். வெயாண்ட் தரப்பு அதை இன்றளவும் ஏற்கவில்லை.

நீளம் தாண்டுதலிலும் இதே நிலைதான். ஜெர்மனியின் மார்கஸ் ரேம் 2014இல் தேசிய சாம்பியன்ஷிப்பில் 8.24 மீட்டர் தாண்டி வென்றும், ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அணியில் சேர்க்கப்படவில்லை. அவர் உந்தித் தாண்டுவது செயற்கைக் காலிலிருந்து. 2023இல் அவர் தாண்டிய 8.72 மீட்டர், டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் பெற்றுத் தந்த 8.41 மீட்டரைவிட அதிகம்.

இந்திய வீரர்களின் நிலை:

இரு தகடுகளுடன் ஒலிம்பிக் கதவைத் தட்டிய இந்தியர் எவரும் இதுவரை இல்லை. கார்கிலில் காயமுற்றுக் காலை இழந்த மேஜர் டி.பி. சிங், செயற்கைக் காலுடன் அரை மாரத்தான்களை ஓடி ‘இந்தியாவின் பிளேடு ரன்னர்’ எனப் பெயர் பெற்றார். ஈட்டி எறிதலில் இரு பாராலிம்பிக் தங்கம் வென்ற சுமித் அன்டில், 2021இல் பாட்டியாலாவில் நீரஜ் சோப்ரா பங்கேற்ற போட்டியில் செயற்கைக் காலுடன் களமிறங்கினார். அங்கு எவரும் ஆட்சேபம் எழுப்பவில்லை. அவர் எறிந்தது 66 மீட்டருக்குச் சற்று மேல். நீரஜ் எறிந்தது 88.07 மீட்டர். மாற்றுத்திறனாளி பின்தங்கும் வரை நியாயம் பற்றிய கேள்வி எழுவதில்லை என்ற விமர்சனத்தை இத்தகைய நிகழ்வுகளோடு பொருத்திப் பார்க்கலாம்.

இந்தியர்களுக்கு இக்கேள்வி எதிர்த்திசையிலிருந்தும் வருகிறது. சேலம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, செயற்கைக் கால் இல்லாமலே உயரம் தாண்டுபவர். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அவர் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். அதே களத்தில் 1.94 மீட்டர் தாண்டித் தங்கம் வென்ற அமெரிக்காவின் எஸ்ரா ஃப்ரெச், தகடு பொருத்தி ஓடி வருபவர். தகடு அணிவோருக்கும் அணியாதோருக்கும் தனித்தனி வகுப்பு எண்கள் இருந்தும், பதக்கப் போட்டி ஒன்றாகவே நடத்தப்படுகிறது. இதனால் மாரியப்பன் பாதிக்கப்பட்டார் என்று உடனே முடிவு கட்டுவதும் சரியல்ல. அதே பாரிஸில், தகடு இன்றித் தாண்டிய பிரவீண் குமார் 2.08 மீட்டர் தாண்டி, தகடு அணிந்த அமெரிக்க வீரர் டெரக் லாக்சிடென்ட்டை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார்.

விலையும் ஒரு தடை. நடப்பதற்கான மலிவான செயற்கைக் காலில் இந்தியாவுக்கு நீண்ட அனுபவம் உண்டு. 1981இல் திருச்சி அருகே விபத்தில் காலை இழந்த சுதா சந்திரனை மீண்டும் பரதநாட்டிய மேடையில் ஏற்றியது ஜெய்ப்பூர் கால்தான். ஓட்டத் தகடு வேறு வகை, பெரும்பாலும் ஐஸ்லாந்து, ஜெர்மனி நிறுவனங்களின் தயாரிப்பு, விலை லட்சங்களில். வளரும் பிள்ளைக்கு அது அடிக்கடி மாற்றப்படவும் வேண்டும். தகடு நியாயமா என்று நீதிமன்றம் விசாரிப்பதற்கு வெகு முன்னதாகவே, தகடு யாருக்குக் கிடைக்கிறது என்பதில் போட்டி பாதி முடிந்துவிடுகிறது.

தற்போதைய நிலையில், தகடு பொருத்திய ஒருவர் ஒலிம்பிக் ஓட்டத்தில் பங்கேற்க விரும்பினால் உலக தடகள அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். சாதகம் உண்டு என நிரூபிக்கும் பொறுப்பு, லீப்பர் தீர்ப்புக்குப் பின் அந்த அமைப்பையே சாரும். பாராலிம்பிக்கில் 400 மீட்டர் டி62 பிரிவின் நடப்புச் சாம்பியன், பாரிஸில் 46.36 விநாடிகளில் ஓடிய அமெரிக்காவின் ஹன்டர் வுட்ஹால்.