அறுபத்திரண்டும் பாசஷ்டும்: எண்ணுப்பெயர்களின் ஒரு வரலாறு

2019 ஜூன் மாதம் மகாராஷ்டிரத்தின் பாடநூல் நிறுவனமான பாலபாரதி, இரண்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் ஒரு மாற்றத்தைச் செய்தது. 62 என்பதை 'பாசஷ்ட்' என்று மட்டுமன்றி 'சாட் தோன்', அதாவது அறுபது இரண்டு, என்றும் குழந்தைகள் படிக்கலாம் என்றது. கணிதவியலாளர் மங்களா நார்ளிகர் தலைமையிலான குழு முன்வைத்த இம்மாற்றத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. சட்டமன்றம் வரை விவாதம் சென்றது. மராத்தியின் மரபு சிதைகிறது என்பதே எதிர்த்தோரின் முதன்மை வாதம்.

அந்த மரபின் வரலாற்றைச் சற்றே பின்னோக்கிப் பார்ப்போம். சமஸ்கிருதத்தில் 62 'த்வாஷஷ்டி', 72 'த்வாஸப்ததி'. ஒன்றின் இலக்கம் முன்னும் பத்தின் இலக்கம் பின்னும் வந்தாலும், இரண்டு உறுப்புகளும் காதுக்குத் தெளிவாகப் புலப்பட்டன. பிராகிருதங்களின் வழியே பல நூற்றாண்டுகள் நிகழ்ந்த ஒலிமாற்றம் அந்தத் தெளிவைக் கரைத்தது. இன்றைய இந்தியில் இரண்டு 'தோ'. ஆனால் 22 'பாயீஸ்', 32 'பத்தீஸ்', 42 'பயாலீஸ்', 72 'பஹத்தர்'. ஐம்பது 'பசாஸ்' என்றிருக்க, 52 'பாவன்'. இவற்றில் இரண்டையும் ஐம்பதையும் குழந்தை எங்கே தேடும்? 29-ஐ 'உன்தீஸ்', அதாவது முப்பதுக்கு ஒன்று குறைவு, என்பதும் பழைய கழித்தல் வழக்கின் எச்சமே. ஆகவே ஒன்று முதல் நூறு வரை ஏறத்தாழ ஒவ்வொரு பெயரையும் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியுள்ளது. போதாக்குறைக்கு, எழுதும்போது 6 முதலில் வருகிறது. சொல்லும்போது இரண்டு முதலில் வருகிறது.

பழைய பள்ளிகளில் இது பெருந்தடையாக இருந்திருக்காது. அங்கே வாய்பாடே கல்வியின் முதுகெலும்பு. மராத்தியில் கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை ஆகியவற்றுக்கும் பாவ்கி, நிம்கி, பாவுண்கி, சவாய்கி, தீட்கி என்று வாய்பாடுகள் இருந்தன. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்ற உலகில் அவை அன்றாடத் தேவை. 1957 ஏப்ரல் 1 அன்று பதின்ம நாணயம் வந்தபின் அத்தேவை பெரிதும் மறைந்தது. மனனத்தைத் தாங்கி நின்ற வாழ்வியல் சூழல் போயிற்று. சொற்கள் மட்டும் எஞ்சின.

தமிழில் இருபத்திரண்டு, அறுபத்திரண்டு என அமைப்பு வெளிப்படை. ஆயினும் எண்பதுக்குப் பின் வரும் தொண்ணூறு, பத்தை விட்டு நூறைப் பற்றி நிற்கிறது. இப்புணர்ச்சிக்குத் தொல்காப்பியமே தனி விதி வகுக்க வேண்டியிருந்தது. எந்த மொழியும் முற்றிலும் சீரானதன்று.

எண்ணுப்பெயர்களைத் திட்டமிட்டு மாற்றுவது புதிதுமன்று. நார்வே 1951-இல் ஒன்றை முன்சொல்லும் வழக்கை விட்டுப் பத்தை முன்சொல்லும் வழக்கை அதிகாரப்பூர்வமாக ஏற்றது. ஆனாலும் பழைய வழக்கு பேச்சில் நெடுங்காலம் நீடித்தது.

எதிர்த்தோர் கூற்றில் ஓர் உண்மை உண்டு: கடைவீதியில் 'பாசஷ்ட்' தான் ஒலிக்கும், அதை அறியாத குழந்தை அங்கே திகைக்கும். ஆனால் 'சாட் தோன்' அச்சொல்லை அழிக்க வந்ததன்று. த்வாஷஷ்டியில் இருந்து, பின்னர் ஒலிமாற்றத்தில் மறைந்த கூட்டலை மீண்டும் குழந்தையின் கண்முன் நிறுத்துகிறது. மரபு என்று நாம் காக்க முனைவது அந்த அமைப்பையா, அது தேய்ந்து எஞ்சிய ஒலியையா? இரண்டையும் கற்பிக்கலாம். எதை முதலில் என்பதே கேள்வி. அதற்கு விடைசொல்லும் உரிமை ஆறு, ஏழு வயதுக் குழந்தையின் தேவைக்கே முதலில் உண்டு.