புளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு

பர்மிய மலைப்பாம்பு, தென்கிழக்காசியாவையும் வடகிழக்கு இந்தியாவையும் தாயகமாகக் கொண்ட நஞ்சற்ற பாம்பாகும். இது 5 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் இது ஊடுருவிய அயல் இனமாகும்.

பரவல்

வளர்ப்பு விலங்காக இறக்குமதி செய்யப்பட்டவற்றுள் சில தப்பியும், சில உரிமையாளர்களால் விடப்பட்டும் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தை அடைந்தன. அங்கு இவை இனப்பெருக்கம் செய்து நிலைபெற்றுவிட்டமை 2000ஆம் ஆண்டில் உணரப்பட்டது. 2012இல் இவற்றின் இறக்குமதி தடை செய்யப்பட்டது.

பாதிப்பு

எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் 2003 முதல் 2011 வரை நடந்த இரவுநேரச் சாலைக் கணக்கெடுப்புகளை 1990களின் கணக்கெடுப்புகளுடன் ஒப்பிட்டு ஓர் ஆய்வு 2012இல் வெளியானது. அதன்படி ரக்கூன்கள் 99 விழுக்காடும், பாப்கேட் எனும் காட்டுப்பூனைகள் 87 விழுக்காடும் குறைந்திருந்தன. முயல்கள் காணப்படவே இல்லை. இத்தகைய பெரிய பாம்பை முன்பு அறிந்திராமையால் அங்குள்ள விலங்குகள் எளிதில் இரையாகின்றன.

இருளர்களின் பங்கு

புல்வெளியில் மறையும் நிறம் கொண்டிருப்பதால் இப்பாம்பைக் கண்டறிவது கடினம். எனவே 2017இல் தமிழ்நாட்டின் இருளர் பழங்குடியைச் சேர்ந்த மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகியோர் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டனர். தடம், எச்சம், சட்டை ஆகியவற்றைக் கொண்டு பாம்பைத் தேடும் மரபறிவால், ஏறத்தாழ இரு வாரங்களில் 13 பாம்புகளைப் பிடித்தனர். இருவருக்கும் 2023இல் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது.

தாயகத்தில் நிலை

புளோரிடாவில் பெருகிய இவ்வினம், தன் தாயகத்தில் வேட்டையாலும் வாழிட அழிவாலும் அழிவாய்ப்புள்ள இனமாகியுள்ளது. இதன் நெருங்கிய உறவினமான இந்திய மலைப்பாம்பு தமிழ்நாட்டின் இயல் இனமாகும். 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிப்பதையும் கொல்வதையும் தடை செய்கிறது.